முதல் நாள்: வழியில் நெருஞ்சி முள், அம்கோமாஸில் ஆடிக்கூழ்

வணக்கம் நண்பர்களே. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து கேப்டவுனுக்குச் சைக்கிளில் போகப்போகிறேன் என்று இரண்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, இன்று காலை ஆறரை மணிக்குக் கிளம்பிவிட்டேன். ஸ்காட்பர்க்கில் கூடாரம் போடுவதாகத் திட்டம். ஆனால் அதற்குப் பன்னிரண்டு கி.மீ. முன்பாகவே, அம்கோமாஸில், காலையில் முன்பின் தெரியாதவர்களாக இருந்த ஒரு குடும்பத்தின் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன்.

முதலில் டயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் மனம் ஆறாது. போன வீடியோவில் காட்டினேனே, ஒன்று 890 ரேண்ட் கொடுத்து வாங்கிய டயர், பஞ்சரே ஆகாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அமன்சிம்டோட்டி வருவதற்கு முன்பே பின்சக்கரம் தரையோடு ஒட்டிவிட்டது. குத்தியிருந்தது நம் ஊர் வரப்புகளில் காலைப் பதம் பார்க்கும் அதே நெருஞ்சி முள். அந்தக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். டயரின் நடுப்பகுதியில் மட்டுமே காப்புப் பட்டை வைத்திருக்கிறார்கள், முள்ளோ ஓரத்தில் ஏறியிருக்கிறது. வாங்கும்போது பட்டை எவ்வளவு அகலம் என்று கேட்டு வாங்குங்கள், நான் கேட்கவில்லை. அவசரத்தில் பசை காய்வதற்குள் ஒட்டுத் துண்டைப் போட்டுவிட்டேன், மூன்று கி.மீ.க்குள் அது பிரிந்துவிட்டது. இரண்டாம் முறை ஐந்து நிமிடம் பொறுமையாகக் காயவிட்டு, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிய பிறகுதான் காற்று ஓரளவு நின்றது.

எந்தச் சாலை என்று சொல்ல மறந்துவிட்டேன். என்-2 (N2) என்ற விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, ஆகவே அதற்குப் பக்கத்திலேயே ஓடும் பழைய ஆர் 102 சாலையில் வந்தேன். இசிப்பிங்கோவைத் தாண்டும்வரை லாரிகள் தொல்லை தந்தன. அதன் பிறகு கரும்புத் தோட்டங்கள். இது வெட்டும் பருவம் என்பதால் எங்கோ தோகையைக் கொளுத்தியிருந்தார்கள், வியர்த்த கையில் கருகிய தோகைத் துணுக்குகள் மை தடவியதுபோல ஒட்டிக்கொண்டன. போதாக்குறைக்குத் தென்மேற்குக் காற்று நேராக முகத்தில் அறைந்தது.

அம்கோமாஸில் சக்கரம் மறுபடி இறங்கத் தொடங்கியது. ட்யூபை அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பார்ப்பதற்காக, முற்றத்தில் புகை எழுந்த ஒரு வீட்டின் வாசலில் நின்று ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆயா வெளியே வந்து, "தண்ணி அப்புறம், மொதல்ல கூழ் குடி தம்பி" என்றார். என் பெயரைக் கேட்டதே இரண்டாவது கிண்ணத்தின்போதுதான். ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. இங்கே கேழ்வரகுக்குப் பதிலாக மக்காச்சோள மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள், மேலே மோரும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும். தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய்க் கறி. எனர்ஜி பார் எனக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கூழ் வயிற்றில் இறங்கியதும் கால் நடுக்கமே நின்றுவிட்டது.

இங்கேதான் ஒரு தவறு செய்தேன். இருநூறு ரேண்ட் நோட்டை நீட்டினேன். ஆயாவின் முகம் மாறிவிட்டது. "ஆத்தாளுக்கு வெச்ச கூழுக்குக் காசா?" என்று என் கையை மடக்கிவிட்டார். அப்படிச் செய்திருக்கவே கூடாது என்று அப்போதே உறைத்தது. பிறகு அவருடைய பேரனின் சைக்கிளில் பிரேக் கம்பி தளர்ந்திருப்பதைப் பார்த்து, அதை இறுக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். அதை மட்டும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். இப்படிப் போகிற நண்பர்கள் கைவேலை ஏதாவது செய்துகொடுங்கள், பணத்தை எடுக்காதீர்கள்.

கூடத்துச் சுவரில், கப்பல் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்துச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் 152,184 பேர். அவர்களில் ஒருவர் ஆயாவின் தாத்தா. அவருடைய எண்ணும், வயதும், வட ஆர்க்காடு என்ற மாவட்டப் பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில் மை கலைந்திருக்கிறது. ஆயா அந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்னான்னு படிக்க முடியுதா?" என்று கேட்டார். கைப்பேசி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தும் கடைசியில் "பாக்கம்" என்பது மட்டுமே எனக்குப் பிடிபட்டது. அதை அவர் இரண்டு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாளை போர்ட் ஷெப்ஸ்டன், எழுபது கி.மீ.க்கு மேல். அங்கே இருக்கும் தம் தங்கை மகளுக்கு ஆயாவே போன் செய்து, இந்தப் பிள்ளை பசி தாங்காது, சாயங்காலமே சமைத்து வை என்று சொல்லிவிட்டார். சைக்கிள் இப்போது முற்றத்தில் நிற்கிறது. தூங்குவதற்கு முன் பின்சக்கரத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வருகிறேன்.