தக்காணத்துப் பாறைக்குள் ரியூனியனின் அடையாளம்

எல்லோருக்கும் வணக்கம்.

மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலைச்சரிவுகளில் கரும்பாறை அடுக்கடுக்காக ஏறி நிற்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் அடுக்கும் ஓடி உறைந்த எரிமலைக்குழம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டியது. அரிப்பில் போனது போக இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது? புவியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவச அடுக்கில், வெகு ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல் மேலெழுந்தது என்கிறோம். அது திரவம் அல்ல, மிக மெதுவாக நகரும் திடப்பாறை. மேலே வந்து அழுத்தம் குறையும்போதுதான் உருகுகிறது. வடக்கே நகர்ந்த இந்தியா அதன் மேலாகக் கடந்து போனது. லட்சத்தீவிலிருந்து சாகோஸ் வரை நீளும் கடலடி மேடு அந்தத் தடம். 1987-இல் அங்கே துளையிட்டு எடுத்த மாதிரிகளில், தெற்கே போகப்போகப் பாறையின் வயது குறைந்தது. இன்று அந்தத் தூணுக்கு மேலே இருப்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவு.

தடம் பொருந்துகிறது, சரி. இரண்டு இடத்துக் குழம்பும் ஒரே ஊற்றிலிருந்து வந்ததா என்பதை அணுக்களிடம்தான் கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கண்டத்தின் தடித்த மேலோட்டைத் துளைத்து வந்த குழம்பு, வழியில் அந்தப் பழம்பாறையையும் கரைத்துக்கொண்டது. மேலோட்டில் ருபிடியம் அதிகம். அது சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட இத்தகைய அணுக்களைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். அதனால் ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம், கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும். புஷே என்ற அடுக்குத் தொகுதியில் அது 0.713-க்கும் மேலே. மகாபலேஷ்வர் பக்கத்து அம்பேனலி தொகுதியில் 0.704-ஐ ஒட்டி நிற்கிறது. புஷே பாறையை வைத்துக்கொண்டு ஆழத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. எந்தப் பாறையைக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஹீலியம். ஹீலியம்-4, யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதையப் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. ஹீலியம்-3 பெரும்பாலும் புவி உருவானபோதே உள்ளே அடைபட்டது. அதனால் அதன் பங்கு கூடியிருந்தால் ஊற்று ஆழமானது என்று கொள்கிறோம். மேல்கவசம் உருகிக் கடல்நடு முகடுகளில் வெளிவரும் பசால்ட் என்ற கருநிற எரிமலைப்பாறையில், ஹீலியம் 3-க்கும் 4-க்கும் உள்ள விகிதம் காற்றில் உள்ளதைப்போல் சுமார் 8 மடங்கு. ரியூனியனில் அது 12, 13 மடங்கு. 1993-இல் ராஜஸ்தானின் முந்த்வாரா, சர்னு பகுதிகளில் உள்ள காரத்தன்மை மிக்க பாறைகளை அளந்தபோது கிட்டத்தட்ட 14 மடங்கு வந்தது. தக்காணத்தின் எரிமலைக்குழம்பு பெருமளவில் கொட்டுவதற்குச் சற்று முன்பே உருவானவை என அந்த ஆய்வு கணித்த பாறைகள் அவை. எண்கள் இவ்வளவு நெருங்கி வருவதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இந்த அளவீடு எளிதானதல்ல. பாறைக்குள் இருக்கும் யுரேனியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஹீலியம்-4-ஐச் சேர்த்து விகிதத்தைக் குறைக்கும். வெயிலில் கிடக்கும் பாறையிலோ, விண்வெளிக் கதிர்கள் ஹீலியம்-3-ஐ உண்டாக்கிப் பொய்யாக உயர்த்திவிடும். அதனால்தான் ஆலிவின் என்ற பச்சைநிறக் கனிமம் போன்றவற்றின் படிகங்களை வெற்றிடத்தில் நொறுக்கி, உள்ளே சிறு குமிழிகளில் அடைபட்ட வாயுவைத் தனியாக எடுக்கிறார்கள்.

எல்லோரும் இதை ஏற்பதில்லை. அம்பேனலிப் பாறையில் நியோடிமியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் ரியூனியனைவிடக் கடல்நடு முகட்டுப் பக்கம் சாய்கிறது. அப்படியானால் ஆழத்துத் தூண் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தூண் மேலே வந்தபோது சுற்றியிருந்த மேல்கவசத்தையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிற பதில். அதற்குத் துணையாக இருப்பவை சௌராஷ்டிராப் பக்கம், போட்டாட், தந்துகா ஆகிய இடங்களின் ஆழ்துளைகளில் கிடைத்த மக்னீசியம் மிகுந்த லாவாக்கள். அவற்றின் ஐசோடோப்புகள் ரியூனியனோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

சஹ்யாத்ரியின் பெரும்பாலான லாவாக்கள் மேலோட்டில் தேங்கி நின்று, ஆலிவின் படிகங்களை வழியிலேயே இழந்து வந்தவை. அடுத்த மாதிரிகளை மலையுச்சியில் தேடுவதைவிட, சூரிய ஒளி படாத அந்தத் துளைகளின் ஆலிவினில் தேட வேண்டும் என்று இங்குள்ள மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.