கடைசி ஞாயிறை இனிக்க வைப்பது வேலைதான்!

நடுவர் ஐயா அவர்களுக்கும், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செங்கோட்டைப் பெரியவர்களுக்கும், பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், படுக்க வைத்தும் எழுந்து வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

'விடுமுறையின் கடைசி சனி, ஞாயிறில் மனசுக்கு நிறைவு தருவது சின்னச் சின்ன சந்தோஷங்களா, செய்து முடிக்கும் வேலைகளா?' இதுதான் தலைப்பு. நான் வேலைகள் பக்கம். மேடை ஏறும்போதே பின்வரிசையில் ஒரு தம்பி "பாவம், இந்த அக்கா" என்றது காதில் விழுந்தது. பரவாயில்லை தம்பி, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு முன்னால் எதிரணித் தம்பி நன்றாகத்தான் பேசினார். குற்றாலத்தில் ஒரு குளியல், பிரானூர் பார்டரில் பரோட்டா, மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் டீயும் பஜ்ஜியும், இதற்கு மேல் கடைசி ஞாயிறுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். பார்டர் பரோட்டா என்று சொன்னாலே நம்ம ஊரில் கைதட்டு விழும் ஐயா. அதில் பரோட்டாவுக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று நான் சொல்கிறேன். மே மாசக் கடைசியில் பேரருவிக்குப் போனால் ஒன்று வெறும் பாறை தெரியும். இல்லை, மலையில் மழை பெய்து பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும், குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். இரண்டும் இல்லாமல் அளவாக விழுந்தால், மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்த வேன்கள் நமக்கு முன்னால் நிற்கும். ஐந்தருவிக்குப் போவோம் என்பார் வீட்டுக்காரர். பழைய குற்றாலம்தான் என்பான் மகன். எங்கேயோ ஓரிடத்தில் தலையை நனைத்துவிட்டு பார்டருக்கு வந்தால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் எப்போது இலையை மடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கும் நிம்மதி இல்லை, நமக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது மணி நாலு. அப்போது வயிற்றைப் பிசையும் பாருங்கள், 'ஐயோ, நாளைக்கு ஸ்கூல்!' பிள்ளைக்கு மட்டுமா? ஆபீஸ் போகிற அப்பாவுக்கும்தான். இன்றைக்குச் சந்தோஷமாக இருந்தே தீருவது என்று ஒரு நாளைக் குறித்து வைத்துவிட்டால், அன்றைக்கு முழுக்கக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

வேலையில் கை வைத்தவருக்குக் கடிகாரம் பார்க்க நேரம் இருக்காது. வேறெங்கும் போக வேண்டாம், பலாச்சுளையை வெல்லத்தோடு கிண்டி எடுக்கிற நம்ம ஊர் சக்கை வரட்டியையே எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்கள். அதற்கப்புறம் எல்லை புளியரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுப்படி மட்டும் இன்னும் பாதி கேரளத்தில்தான் இருக்கிறது.

மே மாசக் கடைசியில் மலையாளக் கரையிலிருந்து பலாப்பழம் வந்து இறங்குகிறது. நல்ல வருக்கைச் சக்கையாக ஒன்று வாங்கி முற்றத்தில் சாக்கு விரித்துப் போட்டாயிற்று. கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவவில்லையென்றால் அந்தப் பிசின் மூன்று நாளைக்குப் போகாது. தாத்தா பிளப்பார். பெண்கள் சுளை எடுப்பார்கள். கொட்டையை உருவுவது பிள்ளைகள் வேலை. பத்துச் சுளைக்குக் கொட்டை எடுத்தால் ஒரு சுளை வாய்க்குப் போகும், யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் சுளையை நறுக்கி வேகவைத்து மசித்து, வெல்லப்பாகோடு உருளியில் ஏற்றி நெய் விட்டுக் கிண்ட வேண்டும். முதலில் குழம்பு மாதிரி கொதித்துச் சூடாகத் தெறிக்கும், நீளக் காம்புச் சட்டுவம் இல்லாவிட்டால் கை போச்சு. நேரம் ஆக ஆக நிறம் கறுத்து, கிண்டுகிற கை கனக்கும். ஒருவர் தோள் வலித்து எழுந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும். சட்டுவம் போன தடத்தில் உருளியின் அடி தெரிந்து, அந்தத் தடம் மூடாமல் நிற்கிறதா, அப்போது ஏலக்காயும் சுக்குப் பொடியும் போட்டு இறக்கு.

அந்த அடுப்பைச் சுற்றி என்னென்ன நடக்கிறது என்று கவனியுங்கள் நடுவர் ஐயா. தணலில் பிள்ளைகள் பலாக்கொட்டை சுடுகிறார்கள். அது டப்பென்று வெடிக்கும்போது ஆச்சி திட்டுகிறாள். திட்டிக்கொண்டே கொல்லத்தில் வாக்கப்பட்டுப் போன தன் அக்காவின் கதையை ஆரம்பிக்கிறாள். வருஷம் முழுக்க போனை விட்டு நிமிராத மருமகன், கையில் சட்டுவம் இருப்பதால் வேறு வழியில்லாமல் கதை கேட்கிறார். கதை கேட்போம் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் ஒருத்தராவது வந்திருப்பார்களா? எதிரணி சொல்கிற சின்னச் சந்தோஷமெல்லாம் இங்கே கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டு வைத்தது வேலை.

எதிரணி அக்கா ஒருவர், 'இந்த வேலையை அடுத்த வாரம் செய்தால் ஆகாதா?' என்று கேட்டார். ஆகாது அக்கா. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. அங்கே தொடங்கினால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இங்கே வந்துவிடும், பின்னாலேயே சாரலும். சாரல் பிடித்த பிறகு மோர் மிளகாய் காயாது, கூழ் வற்றல் பூஞ்சை பிடிக்கும், பாய் தலையணையைக் கொண்டு போட மொட்டை மாடியில் வெயில் இருக்காது. ஓட்டு வீட்டுக்காரர்களைக் கேளுங்கள், உடைந்த ஓட்டை இன்றைக்கு மாற்றினால் உண்டு. இல்லையென்றால் ஜூன் முழுக்கக் கூடத்தின் நடுவில் வாளிதான். பள்ளிக்கூடமும் மழையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் திறக்கிற ஊர் நம்ம ஊர். ஆகவே இந்தக் கடைசி வெயிலை அருவிக்கரை வரிசையில் நின்று கழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குடை இன்னொன்று. மே மாசக் கடைசியில் மலையாள டிவியைப் போட்டால் ஆலப்புழைக் குடை விளம்பரம்தான் ஓடும். புனலூரில் அத்தை வீடு இருக்கிற பிள்ளைகள் புதுக்குடை வாங்கி வரச் சொல்லிப் போன் போட்டுவிடும். அது வந்தாலும் பழைய குடையை நாம் தூக்கிப் போடுவதில்லை. போன வருஷக் குடையை விரித்து, கம்பியின் நுனி துணியை விட்டுக் கழன்றிருந்தால் ஊசி நூலால் பிடித்துத் தைத்து, துருவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி பட்டென்று விரியும்போது பிள்ளை முகத்தைப் பாருங்கள். புதுக்குடைக்குக் கூட அந்தச் சிரிப்பு வராது. தைத்தது அவனல்லவா!

இனி எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். அதைக் கண்டுகொள்ளாமல் நழுவினால் நீங்களே விட மாட்டீர்கள். 'வேலை வேலை என்கிறீர்களே, செய்வது யார்? அம்மாதானே? அவளுக்கு ஏது ஞாயிறு?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் குளித்து முடித்த ஈரத்துணியைத் துவைப்பவள் அவள், பஜ்ஜிக்கு எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பவளும் அவள். ஆனால் ஐயா, இந்தக் கணக்கு எங்கள் அணிக்குத்தான் சாதகம்! தம்பி அடுக்கினாரே குளியல், தூக்கம், டீ, பஜ்ஜி என்று, அந்தச் சின்னச் சந்தோஷங்கள் அத்தனைக்கும் பின்னால் வீட்டில் ஒருத்தி தனியாக வேலை பார்க்கிறாள். நாங்கள் சொல்வது நாலு பேரும் சேர்ந்து உட்காருகிற வேலை. உருளியை ஒரு ஆள் தனியாகக் கிண்டி இறக்க முடியாது, ஓட்டை ஒருத்தராக மாற்ற முடியாது, ஒருத்தர் ஏணியைப் பிடிக்கத்தான் வேண்டும். வேலை ஒரு தலையில் விழுந்தால் அது பாரம், அதை நான் மறுக்கவே இல்லை. அதற்காக வேலையை ஒழித்துவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அந்தப் பாரம் அதே தலைக்காகத்தான் காத்திருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் கிளம்புகிற நேரத்தில் நம்ம ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குப் போய்ப் பாருங்கள். சென்னைக்குத் திரும்புகிற ஒவ்வொரு குடும்பத்தின் காலடியிலும் கட்டைப்பை. மேலே நேந்திரங்காய் சிப்ஸ், அடியில் துண்டு சுற்றிய பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய், நடுவில் எவர்சில்வர் தூக்கில் வரட்டி. மூடி கழன்றுவிடக் கூடாதென்று தாத்தா சணல் கயிறு கட்டியிருப்பார், பெர்த்துக்கு அடியில் எப்படி வைக்க வேண்டும் என்று ஜன்னல் வழியாக இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். அருவித் தண்ணீரையும் மத்தியானத் தூக்கத்தையும் அப்படி யாராவது கட்டிக் கொடுத்துவிட முடியுமா?

நேரம் ஆகிறது, நடுவர் கை மணிக்குப் போகிறது. எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து வருவார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. நாளை மறுநாள் காலையில் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். அவன் டிபன் பாக்ஸ் மூடியின் ரப்பர் வளையம் இப்போது எங்கே இருக்கிறது? வீட்டுக்குப் போன் போடாமல் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள்.