ஜோன் மிட்செலின் நிலமும் அசைவும்

நண்பர்களே, அமெரிக்க அரூப ஓவியர் ஜோன் மிட்செலின் ஓவியங்களைப் பார்ப்பவர்கள் பலர் முதலில் கேட்பது, "இதில் மரம் எங்கே, ஆறு எங்கே?" என்பதுதான். நியாயமான கேள்வி. தலைப்பில் மரம் இருக்கிறது, கேன்வாஸில் இல்லையே!

1956இல் அவர் வரைந்த 'ஹெம்லாக்' ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். ஹெம்லாக் ஓர் ஊசியிலை மரம். ஓவியத்தில் கரும்பச்சைத் தீற்றல்கள் குறுக்கே பாய்கின்றன, நடுநடுவே வெள்ளை. அந்த வெள்ளையை வெறும் பின்னணி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பச்சையின் மேலேயும் அது ஏறி நிற்கிறது. எது முன்னே, எது பின்னே என்று கண் தடுமாறுகிறது. காற்றில் கிளை ஆடும்போது இலை எது, இடைவெளி எது என்று நமக்குப் பிரிபடுவதில்லை அல்லவா, அந்தத் தடுமாற்றம்தான் இது. மரத்தை விட்டுவிட்டு அசைவை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது என் எண்ணம்.

தீற்றல்களின் வேகத்தைப் பார்த்து, ஆவேசத்தில் அள்ளி வீசியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவர் நிதானக்காரர். ஒரு தீற்றல் வைப்பார், தூரமாகப் போய் நின்று நெடுநேரம் பார்ப்பார், அப்புறம்தான் அடுத்தது.

1925இல் சிகாகோவில் பிறந்து மிச்சிகன் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர். 1968 முதல் பிரான்சில், சேன் ஆற்றங்கரை ஊரான வெத்தேயில் வாழ்ந்தார். ஒருகாலத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனே குடியிருந்த ஊர். அதனாலேயே மோனேயோடு ஒப்பிட்டார்கள். மிட்செலுக்கு அது எரிச்சல். சரி, ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடுகிறதே, அதைப் பார்த்தா வரைந்தார்? இல்லை. பெரும்பாலும் இரவில், விளக்கொளியில்தான் வேலை. மனதில் தூக்கிச் சுமக்கும் நிலங்களிலிருந்தே வரைகிறேன் என்பது அவர் சொன்ன விளக்கம்.

நினைவு போகப் போக ஓவியமும் திசை மாறும். 1957இல் தன் நாய் கடலில் நீந்தியதை நினைத்து ஒன்றைத் தொடங்கினார். வெயில் மஞ்சளாக ஆரம்பித்தது, வரைய வரையக் குளிர்ந்து வெள்ளையாகிவிட்டது. தலைப்பிலும் அந்தக் குளிரைச் சேர்த்துக்கொண்டார்.

1983, 84இல் வரைந்த 'பெரும் பள்ளத்தாக்கு' வரிசையில் 21 ஓவியங்கள். நீலமும் மஞ்சளும் விளிம்புவரை நிரம்பியிருக்கும், தொடுவானம் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கு, தோழி ஒருவர் தன் சிறுவயதில் விளையாடிய இடம் என்று சொல்லக் கேட்டது. மிட்செல் அங்கே போனதே இல்லை.