முதல் வார்ப்பு மீண்டும் சட்டிக்கே

வானொலி நேயர்களுக்கு வணக்கம். புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லை அன்றே அடுப்பில் ஏற்றி மாவை ஊற்றினால், தோசை கல்லோடு ஒட்டிப் பிய்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லை முதலில் பழக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அச்சகங்களில் பல தலைமுறைகள் கோத்து அடுக்கிய ஈய எழுத்துகளை வார்க்கும் வார்ப்பச்சையும் அப்படித்தான் பழக்க வேண்டும். ஆனால் தோசைக்கல் எண்ணெய் கேட்கும். வார்ப்பச்சின் உட்புறத்தில் எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் இதற்கு வருவேன்.

கையில் பிடித்து வார்க்கும் பழைய வார்ப்பச்சு, ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு உலோகப் பாதிகளால் ஆனது. கை சுடாமலிருக்க வெளிப்புறத்தில் மரம் பொருத்தியிருப்பார்கள். அதன் அடியில், எழுத்தின் வடிவம் குழிவாகப் பதிந்த ஒரு செப்புத் துண்டு உட்காரும். அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். எஃகுக் கோலின் முனையில் எழுத்தைச் செதுக்கி, அந்தக் கோலைச் செம்பின்மேல் வைத்து அடித்து அந்தக் குழியை உண்டாக்குவார்கள். அடித்தவுடன் செம்பு பக்கங்களில் பிதுங்கிவிடும். குழியும் ஒரே ஆழமாக இராது. ஆகவே அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து, குழியின் ஆழமும் எழுத்து நிற்கும் நிலையும் சரியாகும்வரை அதைத் திருத்த வேண்டும். இங்கிலாந்து, அமெரிக்க அளவின்படி அச்செழுத்தின் உயரம் 0.918 அங்குலம். ஓர் எழுத்து மயிரிழை உயர்ந்தால் தாளைக் குத்தும். மயிரிழை தாழ்ந்தால் மை படாது. அதனால் சோதனைக்குச் சில எழுத்துகளை வார்த்து, ஏற்கெனவே சரியென்று தேறிய எழுத்தின் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டு, மறுபடியும் அரத்தை எடுப்பார்கள். பொறுமையில்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் இளம் வயதில், அச்செழுத்துகளை வார்க்கும் ஒரு டைப் ஃபவுண்டரியில் முதிய வார்ப்புக்காரர் ஒருவரின் வேலையைப் பல நாட்கள் அருகில் நின்று பார்த்தேன். கரண்டியால் உருகிய உலோகத்தை ஊற்றிய கணமே, கையிலிருந்த வார்ப்பச்சை அவர் மேல்நோக்கி வெடுக்கென்று ஒரு குலுக்குக் குலுக்குவார். அந்த விசையில்தான் உலோகம் எழுத்தின் மெல்லிய இடுக்குகளுக்குள் பாயும். ஆனால் காலையில் வார்த்த முதல் முப்பது நாற்பது எழுத்துகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், உலோகம் உருகும் சட்டியிலேயே போட்டுவிட்டார். நல்ல உழைப்பு வீணாகிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நான் ஒன்றைக் கேட்டு வாங்கி, குறையொன்றும் தெரியவில்லையே ஐயா என்றேன். அவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். அது 'க்' என்ற எழுத்து. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மழுங்கிய மேடுதான் இருந்தது, அடிப்பக்கத்து மூலைகளும் உருண்டிருந்தன. "தம்பி, அச்சு இன்னும் விழிக்கவில்லை" என்றார். அச்சு குளிர்ந்திருந்தால் உலோகம் நுனிவரை போய்ச் சேருமுன் உறைந்துவிடும். புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். தமிழில் இதைவிடப் பெரிய பிழை என்ன இருக்கிறது?

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். துருப்பிடிக்காமலிருக்கப் புதிய வார்ப்பச்சில் எண்ணெய் பூசியிருக்கும். அதை முழுவதும் துடைத்து நீக்காமல் வார்த்தால், எண்ணெய் ஆவியாகி உலோகத்துக்கும் அச்சுக்கும் இடையில் நின்றுகொள்ள, வார்ப்பின் மேல் சுருக்கமும் குழியும் விழும். துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களும் இதே குறையைத்தான் சந்திக்கிறார்கள். குண்டில் சுருக்கம் கண்டால் ஈயத்தைக் குறை சொல்லாமல், அச்சில் எண்ணெய் மிச்சமிருக்கிறதா, அச்சு போதிய அளவு சூடேறியதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மாறாக வார்ப்பின் மேல் உறைபனி படிந்ததுபோல் வெளுத்த மங்கல் தெரிந்தால், சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகளை வார்த்தவர்களுக்கும் இந்தச் சோதனைகள் நேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. பின்னாளில் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தபோது, அவை மிகப் பெரியவையாக இருந்து தாளை அளவின்றி விழுங்கின. அதனால் ஆட்லர் என்ற ஜெர்மானியக் கைவினைஞர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். எழுத்து சிறியதானால் குழியும் சிறியது, புள்ளி இன்னும் சிறியது. அச்சின் தூய்மையும் சூடும் அந்த அளவுக்குக் கூடுதலாக முக்கியமாகின்றன.

உலோகக் கலவையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் குறைந்துவிட்டது. ஈயம் மட்டும் 327 பாகை செல்சியசில் உருகும்; வெள்ளீயம் சேர்த்தால் நன்றாக ஓடும், ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்த்தால் எழுத்து கடினப்படும், உறையும்போது சுருங்குவதும் குறையும். இறுதியாக ஒன்று. துடைத்துக் கழுவிய அச்சில் ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும், உருகிய ஈயம் பட்டவுடன் அது வெடித்து முகத்தில் தெறிக்கும். ஆகவே முற்றிலும் உலர்ந்த பிறகே சட்டியின் அருகில் கொண்டுபோக வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வார்க்க வேண்டும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. வணக்கம்.