குழந்தைக்கு என்ன வாங்குவது: பிறக்கும் மாதமும் துணி காயும் கொடியும்

அனைவருக்கும் வணக்கம். பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கும் பலர், குழந்தைக்கு எதையெல்லாம் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்று தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். கடைகளில் கொடுக்கும் பட்டியலைப் பார்த்தால், ஒரு கைக்குழந்தைக்கு ஓர் அறை நிறையப் பொருள்கள் வேண்டும் போலத் தோன்றும். எங்கள் குடும்பத்தில் என் அக்காவின் மகன் ஐப்பசி அடைமழையில் பிறந்தான்; என் மகள் சித்திரை வெயிலில் பிறந்தாள்; என் நாத்தனாரின் மகன் மாதம் நிறைவதற்கு முன்பே எடை குறைவாகப் பிறந்தான். ஊரும் ஒன்று, வசதியும் ஏறத்தாழ ஒன்று. ஆனாலும் மூவருக்கும் தேவைப்பட்டவை வெவ்வேறாக இருந்தன. ஆகவே நான் பட்டியலிலிருந்து தொடங்கப் போவதில்லை. குழந்தை எந்த மாதத்தில் பிறக்கப் போகிறது, அதன் துணிகளை அன்றாடம் துவைக்கப் போவது யார், துவைத்த துணி எங்கே காயப் போகிறது என்பவற்றுக்கு விடை தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். பாதிப் பொருள்கள் தாமாகவே கழிந்துவிடும்.

முதலில் துணியைப் பற்றி விரிவாகப் பேசுகிறேன், ஏனென்றால் முதல் மூன்று மாதங்களில் வீட்டின் வேலை முழுவதும் துணியைச் சுற்றியேதான் நடக்கும். தாய்ப்பால் போதுமான அளவு குடிக்கும் குழந்தை, பிறந்து ஐந்தாறு நாள்களுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கும். ஒவ்வொரு முறையும் இடுப்புத் துணி மட்டும் நனைவதில்லை. அடியில் விரித்த துணியும், பல நேரங்களில் மேலே போட்ட ஜபலாவும் சேர்ந்தே நனையும். காலையில் துவைத்தது மாலைக்குள் காயும் வீட்டில் இருபது, இருபத்தைந்து இடுப்புத் துணிகள் போதும். மழைக்காலத்தில், மொட்டை மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டில், அதைப் போல் ஒன்றரை மடங்கு இல்லாமல் சமாளிப்பது கடினம். ஐப்பசியில் அக்காவின் வீட்டில் சமையலறை ஜன்னல் முதல் கட்டில் விளிம்பு வரை துணி தொங்கியது. காயாத துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஈரத்தைப் போக்குவதற்காகவே மாமா இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாக விழித்திருந்தார்.

இதற்கெல்லாம் கடையில் விற்கும் நாப்கின் கட்டுகளை வாங்க வேண்டியதில்லை. எங்கள் அம்மாயி, "வேட்டித் துணிதான் மெத்துன்னு இருக்கும், புதுசு எதுக்கு கண்ணு" என்று சொல்லி, அப்புச்சியின் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி அடுக்கி வைத்துவிடுவார். பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சி இருக்காது, ஈரத்தை நன்றாக உறிஞ்சும், சீக்கிரம் காயும். புது வேட்டியைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால், கஞ்சி முழுவதும் போகும்வரை சில முறை துவைத்த பிறகே குழந்தையின் உடம்பில் படவிட வேண்டும்.

மேல் சட்டையை மட்டும் நாங்கள் கடையில் வாங்குகிறோம். திருப்பூரில் இருப்பதால் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய குழந்தை உடைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் மலிவு என்பதற்காக அள்ளிக்கொண்டு வந்துவிடக் கூடாது. இதோ, இந்தச் சட்டையைக் கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் இந்த லேபிளின் ஓரம் விரலில் உரசினாலே சொரசொரவென்று இருக்கிறது. நெஞ்சில் அச்சிட்டிருக்கும் இந்தக் கரடி பொம்மை பிளாஸ்டிக் ஏடு போல் தடித்திருப்பதால், அந்த இடத்தில் வியர்வையை உறிஞ்சாது. இப்போது இந்த இரண்டாவது சட்டையைப் பாருங்கள். இதன் தோள்பட்டையில் இரண்டு துணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மடிந்திருக்கின்றன. தலை வழியாகப் போடும்போது கழுத்து அகன்று கொடுப்பதற்கு மட்டும் இந்த மடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தை மலம் கழித்து அது முதுகுவரை ஏறிவிட்டால், சட்டையைத் தலைக்கு மேலே தூக்காமல், தோள் வழியாகக் கீழ்நோக்கி இறக்கிக் கால்வழியே கழற்றிவிடலாம். முதல் ஒரு மாதத்துக்கு இதுவும்கூட வேண்டாம். முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜபலாதான் எல்லாவற்றிலும் எளிது, ஏனென்றால் தலை நிற்காத குழந்தையைத் தூக்கி நிமிர்த்தாமலே போட்டுவிட முடியும்.

துணியின் கனத்தையும் மாதம் பார்த்தே எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பிறக்கும் குழந்தைக்கு மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணி போதுமானது. கார்த்திகை, மார்கழியில் பிறந்தால் சற்றுத் தடித்த இன்டர்லாக் துணியில் முழுக்கைச் சட்டை நான்கைந்து எடுத்துக்கொள்ளலாம். என் மகளுக்கு உறவினர்கள் அன்போடு கொண்டுவந்த கம்பளிச் சட்டைகள் அனைத்தும் பீரோவிலேயே சின்னதாகிப் போயின. பார்க்க வருபவர்கள் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் கூச்சப்படாமல், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் வாங்கி வரச் சொல்லுங்கள். குழந்தை பிறந்தபோது இருந்த எடையைப் போல் இரண்டு மடங்கை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் எட்டிவிடும் என்பதால், பிறந்த குழந்தைக்கான அளவில் நிறைய வாங்குவது காசைக் கரைக்கும் வேலைதான்.

இதே காரணத்தால்தான் டயப்பரையும் பெரிய பொதியாக வாங்க வேண்டாம் என்கிறேன். டயப்பரே கூடாது என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரவில் தாய்க்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் உறக்கம் கிடைக்குமென்றால், மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ போகும்போது மடி நனையாமல் இருக்குமென்றால், அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. பகலில் வேட்டித் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் துவைக்க ஆள் இல்லாத, கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு நான் இந்த வழக்கத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பகலிலும் டயப்பர் போட்டுக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, இடையில் சற்று நேரம் காற்றாட விட்டால் போதும். கழற்றியதைச் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து போடுங்கள். குப்பையைப் பிரிப்பவரும் ஒரு மனிதர்தான்.

அடுத்தது தூங்கும் இடம். ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு, குடைபோல் விரியும் கொசுவலை, இவ்வளவுதான் தேவை. டெங்கு பரவும் ஊர்களில் பகலிலும் கொசுவலை அவசியம், ஏனென்றால் அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், அருகில் தலையணையோ பொம்மையோ இருக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை தைத்துக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு, குழந்தையின் தலை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாயாமல் மாற்றி மாற்றி வைத்தோம். என் மகளின் தலை அழகாகவே இருக்கிறது.

சேலைத் தூளியைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. அழுகிற குழந்தை தூளியில் இட்டதும் அடங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். அதை முற்றிலும் ஒதுக்கச் சொன்னால் என் அம்மாவே கேட்க மாட்டார். ஆனால் தூளியில் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் பதிந்து, மூச்சு தடைப்பட வாய்ப்புண்டு. ஆகவே பெரியவர் ஒருவர் அருகில் விழித்திருக்கும் பகல் நேரத்தில் மட்டும் தூளி, இரவில் சமமான படுக்கை என்று எங்கள் வீட்டில் வகுத்துக்கொண்டோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வீட்டில் ஓடியாடும் பெரிய பிள்ளைகள் இருந்தால், குழந்தையை எடுத்த உடனே தூளியை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். தூளியில் சுற்றி விளையாடிச் சேலை கழுத்தை இறுக்கிய செய்திகளை நாளிதழ்களில் நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்.

பால் கொடுப்பதற்கு என்ன வாங்குவது என்ற கேள்விக்கு, பெரும்பாலோர்க்கு எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீரும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம், வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். பால் புட்டிகளையும் பால் மாவையும் விளம்பரப்படுத்துவதை நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. ஆனாலும் பரிசுப் பெட்டிகளுக்குள் புட்டி எப்படியோ வந்துவிடுகிறது. என் நாத்தனாரின் மகனுக்கு உறிஞ்சிக் குடிக்கும் வலு இல்லாதபோது, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில்தான் புகட்டினார்கள். இதுதான் அந்தப் பாலாடை. சிலர் சங்கு என்றும் சொல்வார்கள். எவர்சில்வரில் செய்த இதன் வாய்ப்புறம் மூக்கு போல் நீண்டிருக்கிறது, பாருங்கள். இந்த நுனியைக் குழந்தையின் கீழ் உதட்டில், கடைவாய்ப் பக்கமாக வைத்து, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, குழந்தை விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சிறுகச் சிறுகச் சாய்க்க வேண்டும். அவசரப்பட்டு வாய்க்குள் ஊற்றினால் புரையேறிவிடும். மூலை முடுக்கு எதுவும் இல்லாததால் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் சுத்தமாகிவிடும். புட்டியின் நிப்பிளையும் திருகு மூடியையும் அந்த அளவுக்குச் சுத்தம் செய்வது எளிதல்ல.

பால் பீய்ச்சும் பம்பை வேலைக்குத் திரும்பும் நாள் தெரிந்த பிறகு வாங்கினால் போதும். தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பைச் சட்டம் தருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு இருக்கிறது. இந்தக் காலம் முழுவதும் வீட்டில் குழந்தையோடு இருக்கப் போகிறவருக்கு, விலை உயர்ந்த மின்சார பம்ப் அநேகமாகத் தேவைப்படாது.

குளியலுக்குத் தனித் தொட்டி வேண்டாம். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி ஊற்றத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கும்வரை ஒரு மணையும் இரண்டு வாளியும் போதும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் மட்டும் சிறிய தொட்டி உதவும். பவுடர், கண்மை, சாம்பிராணிப் புகை மூன்றையும் எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். பவுடரும் புகையும் குழந்தையின் மூச்சுக்குழாயைத் தாக்கும். கண்மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிமார்களும் சமாதானமாகிவிடுவார்கள்.

எவரும் கேட்காத, ஆனால் கட்டாயம் வேண்டிய சில பொருள்கள் இருக்கின்றன. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறிய நகவெட்டி, கை கழுவும் திரவம், தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, பிரசவத்துக்குப் பிந்தைய பெரிய நாப்கின்கள் ஆகியவற்றையும் மறந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மார்களுக்காகத் தமிழக அரசு 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. கொசுவலை, துண்டு, நகவெட்டி, கை கழுவும் திரவம், தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று அதன் மொத்த மதிப்பு ஆயிரம் ரூபாய்தான். பெரிய கடைகளின் பட்டியலைவிட அந்தப் பெட்டகத்தின் பட்டியல் எனக்கு அறிவுள்ளதாகத் தோன்றுகிறது.

வாங்கவே வேண்டாதவற்றில் முதலிடம், குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் வாக்கருக்குத்தான். அது நடை கற்றுக்கொடுப்பதில்லை. படிக்கட்டில் உருட்டிவிடும், அடுப்பு இருக்கும் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். கனடாவில் 2004 முதல் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டிருக்கிறது. நின்று தள்ளும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்குப் பெரியவர் அருகிலிருக்க அதைக் கொடுக்கலாம். கிலுகிலுப்பையோ பொம்மையோ வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 2021 முதல் நம் நாட்டில் அது கட்டாயம். தள்ளுவண்டி எனப்படும் ஸ்ட்ரோலர், நடைபாதையும் இல்லாமல் வேகத்தடைக்கு மேல் வேகத்தடையாக இருக்கும் நம் தெருக்களில் எங்கே உருளும் என்று ஒருமுறை வாசலில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அக்காவுக்குப் பரிசாக வந்த ஸ்ட்ரோலரில் இன்றைக்கு மடிக்காத துணிகள்தான் சவாரி செய்கின்றன.

வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. இருசக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை அழைத்துச் சென்றால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கு ஏற்ற தலைக்கவசமும் அணிவிக்க வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. இந்தப் பட்டையை இப்போதே வாங்கி வைக்காதீர்கள். குழந்தையின் அப்போதைய எடைக்கும் உயரத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் எட்டாம் மாதத்தில் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். அதற்கு முன்னால் தடுப்பூசிக்கோ வேறு எதற்கோ வெளியே போக வேண்டியிருந்தால், வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போய் வாருங்கள். நன்றி, வணக்கம்.