எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்கள்

(அமெரிக்காவின் மேரிலாந்தில் 2026 பொங்கல் விழாவில் பேசியது. மைக் மக்கர் செய்த இடங்கள் நீங்கலாக, பேசியது பேசியபடி.)

தலைவர் அம்மையார் அவர்களே, செயலாளர் தம்பி அவர்களே, வேட்டி கட்டி வந்து பேண்ட் போட்ட எங்களையெல்லாம் வெட்கப்பட வைத்திருக்கும் கவுண்டி மன்ற உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்று சர்க்கரைப் பொங்கல் கிளறிய அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொருளாளரை விட்டுவிட்டேன் என்று இப்போதே சீட்டு வந்துவிட்டது. பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனி வணக்கம். உங்களைப் பகைத்துக்கொண்டால் மண்டப வாடகை என் தலையில் விழும். போன வருஷம் எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவர் இந்த வருஷமும் வந்திருக்கிறார். அதே பொன்னாடைதான் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கட்டும், மரியாதை மரியாதைதான்.

இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி வைத்திருக்கிறேன். அரசாங்கம் முடங்குமா, காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றம் எந்தக் கட்சி கைக்குப் போகும் என்று பணம் கட்டுவது இந்த நாட்டில் எப்படிச் சட்டப்படி சரி என்றானது, இது ஒன்று. அப்படிக் கட்டுவதால் யாருக்கு என்ன கேடு, இது இரண்டு. கருத்துக்கணிப்பைவிடப் பந்தய விலைதான் சரியாகச் சொல்கிறதாமே, அது நிஜமா, இது மூன்று. சூதாட்டம் என்றதும் தருமரையும் சகுனியையும் மேடைக்கு இழுத்து வருவது வழக்கம். அவர்களுக்கு இன்று விடுமுறை.

எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். ஊரில் கூரை பற்றிக்கொண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் பத்துப் பேர். உருவின மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் ஒருத்தன். இதை இன்றைக்கு நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் பந்தயம் அமெரிக்காவுக்குப் புதிதில்லை. 1916-ல் வில்சனும் ஹியூஸும் மோதியபோது நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பக்கம் நடைபாதையிலேயே தரகர்கள் பகிரங்கமாகப் பணம் கட்டினார்கள். பத்திரிகைகள் விலையை அச்சிட்டன. பணம் இல்லாதவன் மானத்தைக் கட்டினான். தோற்றவன், ஜெயித்தவனை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து ஊர் பார்க்கத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பந்தயத்தில் எனக்கு ஆட்சேபமே கிடையாது. இப்போதும் நடத்தினால் நானே வண்டி வாங்கித் தருகிறேன்.

அப்புறம் அது மங்கிப்போனது. 1988-ல் ஐயோவா பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காகச் சின்ன அளவில் ஒரு தேர்தல் சந்தை தொடங்கியது. 2014-ல் பிரெடிக்ட்இட் என்ற பந்தயத் தளம் வந்தது. அப்போது அதில் ஒரு பந்தயத்தில் ஒருவர் 850 டாலருக்கு மேல் போட முடியாமல் இருந்தது. பிறகு வந்த கால்ஷி என்ற கம்பெனி, செனட்டும் பிரதிநிதிகள் சபையும் எந்தக் கட்சி வசம் போகும் என்பதன் மீது பந்தயச் சீட்டு விற்க அனுமதி கேட்டது. முன்பேர வர்த்தகத்தை, அதாவது நாளைய சரக்குக்கு இன்றே விலை பேசுவதை, கண்காணிக்கும் மத்திய ஆணையம் 2023 செப்டம்பரில் முடியாது என்றது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. மறு வருஷம் செப்டம்பரில் நீதிபதி ஜியா காப், தேர்தல் என்பது சூதாட்டமும் இல்லை, சட்டவிரோதமும் இல்லை, ஆகவே தடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தார். அக்டோபர் 2-ஆம் தேதி மேல்கோர்ட்டும் தடை விதிக்க மறுத்தது. 2025 மே மாதம் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டது. கதை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இதே நாட்டில் வெங்காயத்தின் மீது முன்பேரம் செய்யக் கூடாது! 1950-களில் இரண்டு வியாபாரிகள் சிகாகோ சந்தையில் வெங்காயத்தை மொத்தமாக வளைத்துப் போட்டு, பிறகு விலையைப் படுகுழியில் தள்ளினார்கள். கடைசியில் வெங்காயத்தைவிடச் சாக்கு விலை கூட. விவசாயி வயிறெரிந்தான். 1958-ல் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முன்னின்றவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. வெங்காயத்துக்கு இருக்கிற பாதுகாப்பு நம் ஓட்டுக்கு இல்லை.

பந்தயம் எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘முடக்கம் 40 நாளைத் தாண்டும்’ என்று ஒரு சீட்டு. தாண்டினால் ஒரு டாலர், தாண்டாவிட்டால் பூஜ்யம். சீட்டு 30 காசுக்கு விற்றால், தாண்ட நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று சந்தை நினைப்பதாகக் கணக்கு. இவ்வளவுதான்.

முடக்கம் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் 1-க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் மத்திய அரசு அலுவலகங்களின் கதவைச் சாத்து. முன்பெல்லாம் பணம் தீர்ந்தாலும் அலுவலகம் நடந்துகொண்டுதான் இருந்தது. 1980-லும் 81-லும் அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி கொடுத்த சட்டக் கருத்துகளுக்குப் பிறகுதான் இந்தப் பூட்டும் சாவியும்.

சரி, கதைக்கு வருகிறேன். நம் சங்கத்தில் ஒரு தம்பி. பெயர் சொல்லமாட்டேன், மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரும் அக்காவும் அத்தானும் ஒரே வீட்டில். அத்தான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை. போன அக்டோபர் 1-ஆம் தேதி கதவு சாத்தியது, அத்தான் வீட்டில். முதல் வாரமே தம்பி என்ன செய்தார்? ‘40 நாளைத் தாண்டும்’ என்று சீட்டு வாங்கிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அக்டோபர் 20 தீபாவளி. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து எல்லோரும் சாமி முன்னால் நிற்கிறார்கள். அக்கா, “முருகா, சீக்கிரம் திறக்கட்டும்” என்று வாய்விட்டு வேண்டுகிறாள். அம்மா, “நீயும் வேண்டிக்கோடா, மாப்பிள்ளை முகமே வாடிக் கிடக்கு” என்கிறார்கள். தம்பி கண்ணை மூடி, “முருகா, இன்னும் இருபது நாள்.” ஒரே சாமி, ஒரே விளக்கு, இரண்டு மனு. முருகன் பாடு என்ன ஆகியிருக்கும் யோசித்துப் பாருங்கள்!

நாள் ஓடுகிறது. நவம்பரில் உணவு உதவி அட்டைக்குப் பணம் நின்றது. 4 கோடிக்கு மேல் ஜனம் நம்பியிருந்த பணம். அக்கா மளிகைச் சீட்டில் பாதியை அடிக்கிறாள். நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை இரவு, சரியாக நாற்பதாவது நாள். செனட்டில் எதிரணியிலிருந்து எட்டுப் பேர் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களிக்கிறார்கள். அக்கா கைதட்டுகிறாள். தம்பி சோபாவில் சாய்ந்துவிட்டார். “என்னடா, நெஞ்சு வலியா?” என்று அம்மா பதறுகிறார்கள். பிறகுதான் தம்பிக்கு ஞாபகம் வருகிறது, கீழ்ச்சபை உறுப்பினர்கள் ஊரிலேயே இல்லை. அவர்கள் விமானம் ஏறி வர வேண்டும். விமானங்களோ ரத்து. ஏன் ரத்து? இதே முடக்கத்தால், சம்பளமில்லாத கட்டுப்பாட்டு அறை ஆட்கள் போதவில்லை என்று! எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

43 நாள் ஆனது. தம்பி ஜெயித்தார். குற்றவுணர்ச்சியோ என்னவோ, எல்லோரையும் ஓட்டலுக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மேஜையில் சத்தமே இல்லை. அத்தான் மட்டும், “எவ்வளவு ஜெயிச்சே?” என்றார். சொன்னார். அத்தான் மனக்கணக்குப் போட்டு, “என் சம்பளத்தில் ஒன்றரை நாள் வருது. ஏதோ அதாவது திரும்பி வந்ததே, பிரியாணி சொல்லு” என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் எரிந்தது அவர்கள் வீடு, பிடுங்கியது அவர்கள் வீட்டுப் பிள்ளை.

தம்பியாவது தீயை ஏற்றவும் இறக்கவும் முடியாதவர். வாக்கு எப்போது வரும், யார் எப்படிப் போடுவார் என்று தெரிந்தவனே கட்டினால்? பிரிட்டனில் 2024-ல் நடந்தது. பிரதமர் சுனக் மே 22-ஆம் தேதி தேர்தலை அறிவித்தார். அதற்கு மூன்று நாள் முன்பு, அவருக்கு நெருங்கிய உதவியாளராக இருந்த எம்.பி. கிரெய்க் வில்லியம்ஸ், ஜூலையில் தேர்தல் என்று 100 பவுண்டு கட்டியிருந்தார். விசாரணை வந்து, 2025-ல் அவரையும் சேர்த்து 15 பேர் மீது குற்றச்சாட்டு. இங்கே இந்த ஜனவரியிலேயே பார்த்தோம். வெனிசுவேலா ஜனாதிபதி மதுரோ பிடிபடுவதற்குச் சற்று முன் பாலிமார்க்கெட் என்ற பந்தயத் தளத்தில் யாரோ கட்டி, 4 லட்சம் டாலருக்கு மேல் அள்ளினார்கள். நியூயார்க்கின் கீழ்ச்சபை உறுப்பினர் ரிச்சி டோரஸ், பதவியில் இருப்பவர்கள் உள்விஷயம் தெரிந்து கட்டக் கூடாது என்று மசோதா கொண்டுவந்திருக்கிறார். நல்லது. ஆனால் அது பிடுங்குகிறவன் கையைக் கட்டுவது. வீட்டுக்காரனுக்கு என்ன வழி?

இங்கேதான் நான் வந்த காரியம். செயலாளர் தம்பி முறைக்கிறார், பரவாயில்லை. நானே 22 வருஷம் ஒப்பந்தத்தில் கணக்கு எழுதியவன். 2013 முடக்கத்தில் 16 நாள், 2018-ல் தொடங்கிய முடக்கத்தில் 35 நாள், ஒரு காசு திரும்ப வரவில்லை. பக்கத்து மேஜை அரசு ஊழியருக்கு முழுச் சம்பளமும் பின்னால் வந்தது. 2019-ல் அவர்களுக்கென்று நிரந்தரச் சட்டமே போட்டார்கள். சந்தோஷம். அதே கட்டடத்தில் தரை துடைத்த அம்மாவுக்கும், கேன்டீனில் தட்டு கழுவியவருக்கும், வாசலில் நின்ற காவலாளிக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. செனட்டர் டினா ஸ்மித்தும் பிரதிநிதி அயானா பிரெஸ்லியும் இவர்களுக்கும் நிலுவைச் சம்பளம் தரச் சொல்லித் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவருகிறார்கள். நிறைவேறவில்லை. பட்ஜெட்டுக்கு அடுத்த கெடு இந்த ஜனவரி 30. பந்தயத் தளங்களில் அதற்கும் கடை விரித்தாகிவிட்டது. ஒரு வீடு அணைவதற்குள் அடுத்த வீட்டில் மூங்கிலுக்கு விலை பேசுகிறார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது செய்தி பாக்கி. 2024-ல் டிரம்ப் மீது கட்டிச் சுமார் 8.5 கோடி டாலர் ஜெயித்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், ‘உங்கள் அண்டை வீட்டார் யாருக்குப் போடுவார்கள்’ என்று கேட்கிற கருத்துக்கணிப்பைச் சொந்தச் செலவில் நடத்திப் பார்த்தாராம். அந்தக் கதையைச் சொல்ல ஆசை. சித்திரைத் திருநாளுக்கு மேடை கொடுத்தால் சொல்கிறேன்.

வாசல் பக்கம், வடை வரிசைக்கு முன்னால் ஒரு மேஜை போட்டிருக்கிறது. நம் செனட்டர்கள் இருவருக்கும் கடிதம் தயார், ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிலுவைச் சம்பளம் கேட்டு. கையெழுத்தும் ஜிப் கோடும் போதும். கவுண்டி உறுப்பினர் அவர்களே, முதல் வரி உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். இரண்டாவது வரியில் மூன்றாவது வரிசைத் தம்பி போட்டுவிட்டார், நான் பார்த்தேன். பேனா என்னுடையது, மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். வணக்கம்.