பஸ் ஓடாத நாளில் லண்டன்: மைல் எண்டிலிருந்து டிரஃபால்கர் வரை ஒரு கிறிஸ்துமஸ் நடை

வணக்கம் நண்பர்களே. மணி ஒன்பதரை. கிழக்கு லண்டனில், மைல் எண்ட் சாலையில் நின்றுகொண்டிருக்கிறேன். கேமராவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறேன், பாருங்கள். சாலையில் எது குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? பஸ். சிவப்பு நிறத்தில் ஒன்றுகூட இல்லை. இன்று டிசம்பர் 25. சுரங்க ரயில் ஓடாது, மேலே போகும் ரயில் ஓடாது, பஸ் டிப்போவை விட்டு வெளியே வராது. ஆண்டில் இந்த ஒரு நாள் மட்டும் இந்த மாநகரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இந்த ஊருக்கு வந்த முதல் ஆண்டு எனக்கு இது தெரியாது. தோழி ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். இதோ, இந்த நிறுத்தத்தில்தான் 40 நிமிடம் நின்றேன். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்று எதுவும் வராது அம்மா, நடந்துதான் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நடந்தேன். அன்று வழியில் நான் பார்த்த லண்டனை அதற்கு முன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் இதே வழியில் நடக்கிறேன். இது ஆறாவது முறை. உங்களை அழைத்துக்கொண்டு போவது இதுதான் முதல் முறை.

விடுமுறைக்கு லண்டன் வந்தால் எதைப் பார்ப்பது என்று பலர் கேட்கிறீர்கள். ரீஜண்ட் தெருவின் விளக்குகளைப் பாருங்கள். 1954 முதல் அங்கே கிறிஸ்துமஸ் விளக்கு கட்டுகிறார்கள். சிறகு விரித்த தேவதைகள் தெருவுக்குக் குறுக்கே மிதப்பதைப் பார்த்தால் பெரியவர்களுக்கே வாய் பிளந்துவிடும். சாமர்செட் ஹவுஸ் முற்றத்தில் பனிச்சறுக்குத் தளம் போடுவார்கள், அதுவும் அழகு. ஆனால் டிசம்பர் முழுவதும் அங்கெல்லாம் தி.நகரில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைபோல நெரிசல் இருக்கும். என்னைக் கேட்டால், உங்கள் பயணத்தில் 25-ஆம் தேதியை மட்டும் நடைக்கு ஒதுக்குங்கள். இங்கிருந்து டிரஃபால்கர் சதுக்கம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு. டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது.

வாருங்கள், நடந்துகொண்டே பேசுகிறேன்.

பனி கொட்டும் என்று நினைத்து வராதீர்கள். லண்டன் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் சாம்பல் நிற வானமும் சின்னத் தூறலுமாகத்தான் இருக்கும். ஆனால் ஈரக் குளிர் எலும்புவரை போகும். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் தண்ணீர் புகாத கோட்டு. காலணியில் சமரசம் வேண்டாம். தோள்பையில் எலுமிச்சைச் சாதம் இருக்கிறது, இரண்டு ஃபிளாஸ்க் தேநீர் இருக்கிறது. ஏன் இரண்டு என்று பிறகு சொல்கிறேன். முக்கியமான இன்னொன்று: கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். வழியில் காப்பிக் கடைகளும் நிலையங்களும் பூட்டிக் கிடக்கும்.

இதோ, வைட்சேப்பல் வந்துவிட்டோம். இங்கே கொஞ்சம் ஆள் நடமாட்டம் தெரிகிறது. வங்காளதேசத்துக் குடும்பங்கள் வாழும் பகுதி இது. ரயில் நிலையத்தின் பெயரையே வங்காள எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள், பாருங்கள். சின்னக் கடைகள் இரண்டு மூன்று திறந்திருக்கின்றன. பெரிய கடைகள் இன்று திறக்கச் சட்டமே இடம் கொடுக்காது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை எதுவும் கிறிஸ்துமஸ் அன்று வியாபாரம் செய்யக் கூடாது என்று 2004-இல் சட்டம் போட்டார்கள். அங்கே வேலை செய்பவர்களும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் இது ஒன்று.

இப்போது சாலையின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் செங்கல் கட்டடத்தைப் பாருங்கள். இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதே இல்லை. வைட்சேப்பல் மணிப் பட்டறை. 1570-இல் தொடங்கியதாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட நிறுவனம் இது. அமெரிக்காவின் புகழ்பெற்ற சுதந்திர மணியை முதலில் வார்த்துக் கப்பலேற்றியது இந்த நிறுவனம்தான், 1752-இல். நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தின் பெரிய மணி பிக் பென்னை வார்த்ததும் இங்கேதான், 1858-இல். 13.7 டன் வெண்கலம். நம் கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதைப் பல யானை அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். வார்த்து முடித்ததும் 16 குதிரைகளைப் பூட்டி வண்டியில் ஏற்றி வெஸ்ட்மின்ஸ்டர் வரை இழுத்துப் போனார்கள். தெருவோரமெல்லாம் கூட்டம் நின்று ஆரவாரம் செய்ததாம், தேர் பார்ப்பதுபோல. 2017-இல் இங்கே பட்டறையை மூடிவிட்டார்கள். நான் லண்டன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு முறையாவது உள்ளே உலை எரிவதைப் பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

இந்த மணிக் கதையை மறந்துவிடாதீர்கள், வழி முழுக்க நம்மோடு வரும்.

ஆல்ட்கேட்டைத் தாண்டிவிட்டோம். பழைய நகர வாசல் இருந்த இடம் இது. இங்கிருந்து கிழக்கே ஒரு மைல் தொலைவில் இருந்த ஊர் என்பதால்தான் மைல் எண்ட் என்ற பெயரே வந்தது. இனி 'சிட்டி', அதாவது வங்கிகளின் லண்டன். இடது பக்கம் லெடன்ஹால் சந்தை. மேலே பாருங்கள், மெரூனும் பச்சையும் பொன்னுமாகக் கூரை. 1881-இல் கட்டியது. கட்டடக் கலைஞர் ஹோரஸ் ஜோன்ஸ், டவர் பாலத்தை வடிவமைத்தவரும் அவர்தான். நடுவில் கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. இந்த மரத்தைப் பார்க்க இப்போது நீங்களும் நானும் மட்டும்தான். என் காலடிச் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வருவது கேட்கிறதா?

இது பேங்க் சந்திப்பு. ஒரு பக்கம் இங்கிலாந்து வங்கி, எதிரே ராயல் எக்ஸ்சேஞ்ச். வேலை நாளில் இங்கே நின்றால் பின்னால் வருபவர் நம்மை இடித்துக்கொண்டு போய்விடுவார். இன்று தெருவின் நட்டநடுவில் நிற்கிறேன். பேச்சை நிறுத்துகிறேன், கேளுங்கள்.

கேட்டதா? மணிச் சத்தம்! மேற்கிலிருந்து ஒன்று, அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்று. மற்ற நாள்களில் இதை வண்டிச் சத்தம் விழுங்கிவிடும். நான் இந்த நடையை விடாமல் இருப்பதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சீப்சைடில் செயின்ட் மேரி லெ போ என்று ஒரு தேவாலயம் வரும். அதன் மணியோசை எட்டும் தூரத்தில் பிறந்தவர்தான் அசல் காக்னி, அசல் லண்டன்காரர் என்பது பழைய வழக்கு. 1941-இல் குண்டுவீச்சில் அந்த மணிகள் அழிந்தன. பிறகு 1956-இல் புதிய மணிகளை வார்த்தார்கள். எங்கே தெரியுமா? சற்று முன் பார்த்தோமே, அதே வைட்சேப்பல் பட்டறையில்.

செயின்ட் பால் பேராலயத்துக்கு வந்துவிட்டோம். சாதாரண நாளில் சுற்றிப் பார்க்க வருபவர்கள் டிக்கெட் வாங்க வேண்டும். இன்று வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் இல்லை, எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. உள்ளே படம் எடுப்பது முறையல்ல. கேமராவை அணைத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். குரல் கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். குவிமாடத்துக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் பாடகர் குழுவைக் கேட்டால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொல்கிறேன். 1940, டிசம்பர் 29, ஞாயிறு இரவு. கிறிஸ்துமஸ் முடிந்து நான்கே நாள். ஜெர்மன் விமானங்கள் இந்தப் பகுதி முழுவதும் தீக்குண்டுகளைக் கொட்டின. தேம்ஸில் அன்று நீர் வற்றிய நேரம், தீயணைப்புக் குழாய்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. சுற்றியிருந்த தெருக்கள் சாம்பலாயின. இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியவர்கள் தன்னார்வலர்கள். வாளியும் கைப்பம்புமாகக் கூரைமேல் காவல் நின்று, விழுந்த குண்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது டிரஃபால்கர் போனதும் புரியும்.

பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த மின்ஸ் பை இருக்கிறது. பெயரைக் கேட்டுக் கறி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே உலர்திராட்சை, ஆப்பிள், பட்டை, கிராம்பு. ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம்.

லட்கேட் இறக்கத்தில் இறங்கி ஃபிளீட் தெரு. ஒரு காலத்தில் நாட்டின் செய்தித்தாள்கள் எல்லாம் அச்சான தெரு. இடப்பக்கம் அடுக்கடுக்காகத் தெரிகிற கோபுரம் செயின்ட் பிரைட்ஸ். திருமணங்களுக்கு அடுக்கு கேக் செய்யும் வழக்கமே இதைப் பார்த்து வந்தது என்று லண்டன்வாசிகள் சொல்வார்கள். அந்த டிசம்பர் 29 இரவில் இதுவும் எரிந்தது. கோபுரம் மட்டும் நின்றது.

இது ஸ்ட்ராண்ட். மூன்று மணியாகப் போகிறது. இந்நேரம் வீடுகளில் வான்கோழி விருந்து முடித்து, தலையில் காகிதக் கிரீடத்தோடு மன்னரின் உரையைப் பார்க்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார்கள். 1932-இல் வானொலியில் தொடங்கிய பழக்கம் அது. இங்கே கடை வாசல்களில் வீடில்லாதவர்கள் சிலர் போர்வைக்குள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்ப மாட்டேன். இன்று அவர்களுக்குச் சூடாக ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்றால் கடை இல்லை. இரண்டாவது ஃபிளாஸ்க் அதற்காகத்தான். காகிதக் கோப்பைகளும் வைத்திருக்கிறேன். கிரைசிஸ் என்ற அறக்கட்டளை கிறிஸ்துமஸ் நாள்களில் இவர்களுக்காக மையங்களைத் திறக்கிறது, தொண்டர்கள் வந்து வேலை செய்கிறார்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் அங்கே பெயர் கொடுங்கள். ஐந்து நிமிடம், ஃபிளாஸ்க் காலியானதும் வருகிறேன்.

இதோ, டிரஃபால்கர் சதுக்கம். அந்த மரம்.

ஒவ்வொரு ஆண்டும் இந்த மரத்தைக் குறை சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒல்லியாக இருக்கிறதாம், கிளைகள் தொங்குகின்றனவாம், கடைவீதி மரங்களைப்போல மினுமினுப்பு இல்லையாம். எனக்கு அதைக் கேட்கவே வருத்தமாக இருக்கும். இது கடைக்காக வைத்த மரம் அல்ல. நார்வேயின் ஆஸ்லோ நகரம் 1947 முதல் ஆண்டுதோறும் அனுப்பும் நன்றி. 1940-இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது மன்னர் ஏழாம் ஹாக்கோன் இங்கே தஞ்சம் வந்தார். அவருடைய அரசு போர் முடியும்வரை லண்டனிலிருந்துதான் இயங்கியது. வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர் எப்படிப்பட்ட நிலையில் இருந்தது? செயின்ட் பால் படிக்கட்டில் சொன்னேனே, அப்படி எரிந்துகொண்டிருந்தது. தன் வீடு பற்றி எரியும்போது விருந்தாளியை வெளியே அனுப்பாத ஊர். அதற்கு நன்றியாக ஆஸ்லோ காட்டில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வளர்ந்த ஸ்புரூஸ் மரத்தை வெட்டிக் கடல் கடந்து அனுப்புகிறார்கள், பொதுவாக 20 மீட்டருக்கு மேல் உயரம். விளக்குச் சரங்கள் சுற்றி வராமல் மேலிருந்து கீழே நேராக இறங்குகின்றன பாருங்கள், அது நார்வே வழக்கம். டிசம்பர் முதல் வாரத்தில் விளக்கேற்றுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு வரை மாலைகளில் இதன் அடியில் பாட்டுக் குழுக்கள் பாடும். ஜனவரி முதல் வாரம் வரை மரம் நிற்கும், அவசரப்பட வேண்டாம்.

அகதி என்ற சொல்லின் கனம் தெரிந்த குடும்பங்கள் இந்த ஊரின் தமிழர்களிலும் ஏராளம். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் இருக்கும் என் ஈழத்து நண்பர்கள் தங்கள் பிள்ளைகளை இந்த மரத்தடிக்கு அழைத்து வந்து, கீழே இருக்கும் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். நீங்களும் படம் எடுத்துக்கொள்ளும் முன் அந்தப் பலகையைப் படியுங்கள்.

பசிக்கிறதா? சைனாடவுன் இங்கிருந்து ஐந்தாறு நிமிட நடைதான். இன்று விளக்கெரியும் உணவகங்கள் அங்கே நிறைய உண்டு. திரும்பிப் போக டாக்சி கிடைக்கும், ஆனால் விலை கடிக்கும். வாடகை சைக்கிள் நல்ல வழி. நாளை பஸ் வந்துவிடும், தள்ளுபடி விற்பனையும் தொடங்கிவிடும், இந்த அமைதி போய்விடும்.

நான்கு ஆகப்போகிறது. சூரியன் இறங்கிவிட்டான், டிசம்பரில் இங்கே பகல் அவ்வளவுதான். இருட்ட இருட்ட மரத்தின் விளக்குகள் துலங்குவதைப் பாருங்கள். அங்கே, தெற்கே, ஒயிட்ஹால் தெருவின் கடைசியில் தெரிகிறதே, அந்தக் கோபுரத்துக்குள்தான் காலையில் நாம் பார்த்த பட்டறையின் மணி தொங்குகிறது. மற்ற நாளில் இந்தச் சதுக்கத்து இரைச்சலில் அதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

இன்னும் சில விநாடிகள்தான். நான் பேசாமல் இருக்கிறேன். நீங்கள் எண்ணுங்கள்.

ஒன்று.